பற்றீரியாவின் சிறு ஆர்.என்.ஏ. : கைவிடப்பட்ட ஓர் எண்ணத்தின் வரலாறு

விஞ்ஞானத்தின் வரலாறு பெரும்பாலும் வெற்றிகளின் நிரலாகவே எழுதப்பட்டு வருகின்றது. ஓர் உண்மை கண்டறியப்பட்டது; அதன்மேல் மற்றோர் உண்மை அடுக்கப்பட்டது; இவ்வாறு அறிவென்னும் மாளிகை எழுந்தது என்பதே மாணவர் பயிலும் கதை. ஆயினும், உண்மையான வரலாறு அத்துணை நேரிய பாதையிற் சென்றதன்று. தன்னளவிற் சரியான ஓர் எண்ணம் பொருந்தாத இடத்தில் வைத்துச் சொல்லப்பட்டமையால், அவ்விடம் பொய்த்தபோது எண்ணமும் உடன் தள்ளப்படுதல் உண்டு. பின்னர் பல்லாண்டுகள் கழித்து அவ்வெண்ணமே வேறொரு வாயில் வழியாக உள்ளே வந்து அரியணை ஏறுதலும் உண்டு. பற்றீரியாக்களிற் பரம்பரையலகுகளின் தொழிலை அடக்கியும் ஊக்கியும் ஆளும் சிறு ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளின் வரலாறு இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும்.

மனிதரின் குடலில் வாழும் எசெரீக்கியா கோலி என்னும் பற்றீரியா ஏறக்குறைய இரண்டு மைக்கிரோமீற்றர் நீளமுடைய ஒரு தனிக் கலம். அதன் டீ.என்.ஏ. இழை சுமார் 46 இலட்சம் மூலச் சோடிகளைக் கொண்டது. அதிற் புரதங்களை ஆக்குதற்குரிய பரம்பரையலகுகள் ஏறத்தாழ 4,300 என்பது 1997ஆம் ஆண்டில் அவ்விழை முழுவதும் வாசிக்கப்பட்டபோது தெளிவாயிற்று. பரம்பரையலகிற் பொறிக்கப்பட்டுள்ள செய்தி முதலிலே தூது ஆர்.என்.ஏ. என்னும் இழையாகப் பிரதி செய்யப்படும். அத்தூதினை இறைபோசோம் என்னும் நுண்ணுறுப்பு வாசித்துப் புரதத்தை ஆக்கும். புரதங்களே கலத்தின் பணிகளிற் பெரும்பாலானவற்றைச் செய்வன. ஆயின், எல்லாப் புரதங்களும் எக்காலமும் வேண்டப்படுவன அல்ல. வேண்டாத புரதத்தை ஆக்குதல் ஆற்றலை வீணாக்குதலாகும். வேண்டியதை ஆக்காதிருத்தலோ அழிவைத் தேடுதலாகும். ஆதலின், எப்பரம்பரையலகு எப்பொழுது தொழிற்படல் வேண்டுமென்பதைத் தீர்மானிக்கும் ஆட்சிமுறை ஒன்று கலத்தில் இருத்தல் இன்றியமையாதது. அவ்வாட்சியை நடத்துவது யாது என்பதே வினா.

இவ்வினாவிற்கு முதன்முதலில் தெளிவான விடை பகர்ந்தோர் பாரிசு மாநகரிலுள்ள பாஸ்ரர் நிறுவனத்து ஆராய்ச்சியாளர்களான பிரான்சுவா ஜாக்கோப், ஜாக் மோனோ ஆகிய இருவருமாவர். எசெரீக்கியா கோலிக்குப் பாற்சருக்கரையாகிய இலற்றோசு கிடைக்கும்போது, அதனைப் பிளக்கும் நொதியம் கலத்திற் சுமார் ஆயிரம் மடங்காகப் பெருகுகின்றது; இலற்றோசு அற்றுப்போயின் நொதிய உற்பத்தியும் நின்றுவிடுகின்றது. ஆதர் பாடி என்பவருடன் சேர்ந்து அவர்கள் 1959இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதன் உட்பொருளை விளக்கிற்று. இலற்றோசுப் பரம்பரையலகுகள் பழுதுற்ற ஒரு பற்றீரியத்தினுள் நல்ல பரம்பரையலகுகள் புகுந்தவுடன் நொதியம் உண்டாகத் தொடங்கிற்று. ஆனாற் சிறிது நேரங் கழித்து, இலற்றோசு போன்ற தூண்டுபொருள் இல்லாத கலங்களில் அவ்வுற்பத்தி தானே அடங்கிற்று. கலத்தினுள்ளே உலாவும் ஏதோ ஒரு பொருள் மெல்லச் சேர்ந்து உற்பத்தியை நிறுத்தியது என்பதே இதனாற் பெறப்பட்டது. அப்பொருளுக்கு அடக்கி எனப் பெயரிட்டனர். 1961இல் அவர்கள் எழுதிய நெடுங்கட்டுரை நவீன உயிரியலின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக இன்றும் போற்றப்படுகின்றது. 1965இல் அந்திரே இலுவோவ் என்பாருடன் அவர்கள் நோபல் பரிசும் பெற்றனர்.

இக்கட்டுரையிற் பலராலும் மறக்கப்பட்ட பகுதி ஒன்று உண்டு. அடக்கி எவ்வகைப் பொருள் என்ற வினாவிற்கு, அது ஆர்.என்.ஏ. ஆகலாம் என்றே ஜாக்கோப்பும் மோனோவும் அன்று கருதினர். புரத உற்பத்தியைத் தடுக்கும் பொருள்களைச் சேர்த்த பின்னரும் அடக்கி உண்டாவதாகத் தோன்றியமை இதற்கு ஒரு காரணம். நியூக்கிளிக்கமிலங்கள் ஒன்றையொன்று அடையாளங் கண்டு இணையும் இயல்பும் இக்கருத்திற்கு இசைவாயிருந்தது. ஆர்.என்.ஏ. இழையில் அடினைன் யூரசிலுடனும், குவானைன் சைற்றோசைனுடனும் சோடி சேரும். ஆதலால், ஓர் ஆர்.என்.ஏ. தனக்கு எதிர்வடிவமான மற்றோர் இழையைப் பல்லாயிரம் இழைகளுக்கிடையிலும் தேடிப் பற்றிக்கொள்ளும். அடக்கி டீ.என்.ஏ.யைப் பற்றித் தூது பிறவாமற் செய்யலாம். அன்றிப் பிறந்த தூதினையே பற்றி அதனை வாசிக்கவொட்டாமலும் செய்யலாம் என இருவழிகளையும் அவர்கள் தம் கட்டுரையில் வரைந்து காட்டினர்.

எண்ணம் அழகியது; ஆனால் இலற்றோசின் அடக்கியைப் பொறுத்தவரை அது பிழையாயிற்று. 1966இல் ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்ற்றர் கில்பேட், பெனோ மியூலர்-ஹில் ஆகிய இருவரும் அவ்வடக்கியைப் பிரித்தெடுத்தனர். ஒரு கலத்திற் பத்தளவான மூலக்கூறுகளே உள்ள அப்பொருளைப் பிரித்தெடுத்தமை அரிய செயலே. அது புரதம் என்பது ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டது. அதே பல்கலைக்கழகத்தில் மாக் ரசினி என்பவர், இலம்டா என்னும் பற்றீரிய வைரசின் அடக்கியும் புரதமே என 1967இற் காட்டினார். இரு சோதனைகளும் குற்றமற்றவை. ஆயின் அவற்றிலிருந்து உயிரியலாளர் பெற்ற முடிபு சோதனைகள் கூறியதினும் அகன்றது. இவ்விரண்டு அடக்கிகளும் புரதம் என்பதிலிருந்து, பரம்பரையலகுகளை ஆள்வன யாவும் புரதமே என்ற பொதுக் கொள்கை மெல்ல வேரூன்றிற்று. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுபோல இரண்டு பருக்கைகளைக் கொண்டு உயிருலகு முழுவதும் அளக்கப்பட்டது. ஆர்.என்.ஏ. செய்தியைச் சுமக்கும் வெறுந் தூதுவன் என்ற நிலைக்கு இறக்கப்பட்டது.

வரலாற்றின் முரண் இவ்விடத்திலேயே அமைந்துள்ளது. இலம்டா அடக்கி புரதமென நிறுவப்பட்ட அதே 1967ஆம் ஆண்டில், ஹிண்ட்லி என்னும் ஆய்வாளர் எசெரீக்கியா கோலியின் ஆர்.என்.ஏ.க்களைக் கதிர்த்தொழிற்பாடுடைய பொசுபரசினால் அடையாளமிட்டு, மின்புலத்தின் வழியே களியொன்றில் ஓடவிட்டுப் பிரித்தபோது, முன்னர் அறியப்படாத சிறிய ஆர்.என்.ஏ. ஒன்று தனிப் பட்டையாகத் தோன்றிற்று. அதன் அடைவு வேகங் கருதி அதற்கு 6எஸ் ஆர்.என்.ஏ. எனப் பெயரிடப்பட்டது. 1971இல் பிரவுண்லி என்பவர் அதன் 184 நியூக்கிளியோரைட்டுகளையும் வரிசைப்படி வாசித்து வெளியிட்டார். அது தூது அன்று. புரதத்தொகுப்பில் அமினோவமிலங்களைக் கொண்டுவரும் இடமாற்று ஆர்.என்.ஏ.யும் அன்று, இறைபோசோமின் பகுதியும் அன்று. அதற்குரிய பரம்பரையலகை நீக்கிப் பார்த்தபோதும் பற்றீரியா வழக்கம்போலவே வளர்ந்தது. 1973இல் இகெமுரா, டால்பேக் என்னும் இருவர் கண்ட, 109 நியூக்கிளியோரைட்டுகள் கொண்ட மற்றொரு சிறு ஆர்.என்.ஏ.க்குத் தக்க பெயர்கூடக் கிடைக்கவில்லை. புகைப்படத்தாளில் அது வீழ்ந்த புள்ளியின் எண்கொண்டு ‘புள்ளி 42’ என்றே அழைக்கப்பட்டது. தொழிலறியாப் பொருள்களாக இவை பல்லாண்டுகள் கிடந்தன.

இவற்றின் தொழில் இத்துணைக் காலம் மறைந்திருந்தமைக்கு ஆராய்ச்சியாளரின் கவனக்குறைவு காரணமன்று. ஆராய்ச்சி முறைகளின் இயல்பே காரணம். பரம்பரையியலாளர் விகாரங்களை உண்டாக்கி, அவற்றின் விளைவு கொண்டு பரம்பரையலகுகளைக் கண்டுபிடிப்பர். நூறு நியூக்கிளியோரைட்டு நீளமே உள்ள ஒரு பரம்பரையலகு விகாரத்திற்கு மிகச் சிறிய இலக்காகும். ஆயிரம் நீளமுள்ள புரதப் பரம்பரையலகோடு ஒப்பிடுகையில் அது அடிபடும் வாய்ப்புப் பத்திலொன்றே. மேலும், ஓர் எழுத்தை நீக்கினாற் புரதத்தின் செய்தி முழுவதும் குலையும், சிறு ஆர்.என்.ஏ.யோ ஓரெழுத்து மாறினும் பெரும்பாலும் தன் பணியைச் செய்துகொண்டே இருக்கும். அது அற்றுப்போயினும், நிறைந்த உணவும் இதமான வெப்பமும் உள்ள ஆய்வுகூடத்தில் அக்குறை வெளித்தோன்றாது. நெருக்கடி வந்துற்றபோது மாத்திரமே அதன் அருமை புலப்படும். இறுதியாக, டீ.என்.ஏ. வரிசைகளை வாசித்தோர் புரதத்திற்குரிய குறிகளையே தேடினராதலின், ஏனைய இடைவெளிகள் வெற்றிடங்களாகவே கருதப்பட்டன. புரதத்தைத் தேடும் வலையிற் புரதமே அகப்பட்டது.

முதல் ஒளி பற்றீரியாவின் பிரதான நிறமூர்த்தத்திலிருந்து வரவில்லை. அதனை ஒட்டி வாழும் சிறு வளையங்களாகிய பிளாசுமிட்டுகளிலிருந்து வந்தது. கோல்-ஈ1 என்னும் பிளாசுமிட்டு, கலத்தில் தன் பிரதிகளின் எண்ணிக்கை அளவுக்கு மிஞ்சாதபடி காத்துக்கொள்கின்றது. 1981இல் ஜுனிச்சி தொமிசாவாவும் உடனுழைத்தோரும் அமெரிக்காவின் பெதெஸ்டா நகரில் இதன் மறைபொருளைக் கண்டனர். இரட்டித்தலைத் தொடக்கிவைக்கும் ஆர்.என்.ஏ. ஒன்று உண்டு, அதே டீ.என்.ஏ.யின் எதிரிழையிலிருந்து பிறக்கும் 108 நியூக்கிளியோரைட்டு நீளமான ஆர்.என்.ஏ. மற்றொன்று அதனோடு சோடி சேர்ந்து அதன் தொழிலைத் தடுக்கின்றது. ஆர்-1 என்னும் பிளாசுமிட்டிலும் இத்தகைய ஆட்சி உண்டென அதே ஆண்டில் வேறொரு குழுவினர் காட்டினர். 1983இல் சைமன்ஸ், கிளெக்னர் ஆகியோர், இடம்பெயரும் பரம்பரைத் துண்டமொன்றிலும் இதனையே கண்டனர். ஆர்.என்.ஏ. ஆளவும் வல்லது என்பது இவற்றால் நிறுவப்பட்டது. ஆயினும், இவை ஒட்டுண்ணி போன்ற சிறு துண்டங்களின் விநோதங்கள். பற்றீரியாவின் சொந்த ஆட்சியில் இவற்றிற்கு இடமில்லை என்றே பலர் அமைதி கண்டனர்.

அவ்வமைதியைக் குலைத்தது 1984இல் வெளிவந்த ஓர் ஆய்வு. நியூயோர்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்ரோனி புரூக் வளாகத்திலே மசயோரி இனூயே தலைமையில் தக்கேஷி மிசுனோ முதலானோர் அதனை நடத்தினர். எசெரீக்கியா கோலியின் வெளிமென்சவ்விலே கரைபொருள்கள் புகுதற்குரிய துளைகளை அமைக்கும் புரதங்கள் இரண்டு உள. அவற்றுள் எப்பு வகைத் துளை சற்றுப் பெரிது. சீ வகைத் துளை சற்றுச் சிறிது. உப்பும் பிற கரைபொருளும் குறைந்த நீரில் எப்பு வகை மிகும். அவை செறிந்த குடல் போன்ற சூழலிற் சீ வகை மிகும். ஒன்று கூடும்போது மற்றது குறைந்து, இரண்டின் கூட்டுத்தொகை ஏறத்தாழ மாறாதிருக்கும். சீ வகைக்குரிய பரம்பரையலகின் முற்பகுதியிலிருந்து சுமார் முந்நூறு மூலச் சோடிகளே கொண்ட டீ.என்.ஏ. துண்டொன்றைப் பல பிரதிகளாகக் கலத்தினுள் வைத்தபோது, எதிர்பாராத வகையில் எப்பு வகைப் புரதம் முற்றாக மறைந்தது. அத்துண்டிலோ புரதம் எதுவும் பொறிக்கப்பட்டிருக்கவில்லை.

ஆராய்ந்தபோது, அத்துண்டிலிருந்து சிறு ஆர்.என்.ஏ. ஒன்று பிறப்பது தெரியவந்தது. எப்பு வகைப் புரதத்தின் தூதினை இறைபோசோம் பற்றும் இடத்தோடு அது சோடி சேரும் வரிசையைக் கொண்டிருந்தது. வாயிலை மூடிவிட்டால் உள்ளே புகுதல் எங்ஙனம்? தூது இருந்தும் அது வாசிக்கப்படவில்லை. இச்சிறு ஆர்.என்.ஏ.க்கு மிக்-எப்பு எனப் பெயரிட்டனர். அதன் நீளம் 93 நியூக்கிளியோரைட்டு எனப் பின்னர் அறியப்பட்டது. உப்புச் செறிவின் மாற்றத்திற் புரதவழி ஆட்சியே முதன்மையானது என்பதும், வெப்பநிலை உயரும்போது மிக்-எப்பின் பங்கு மிகுகின்றது என்பதும் பின்னாளில் தெளிந்தன. அஃது எவ்வாறாயினும், பற்றீரியாவின் சொந்த நிறமூர்த்தத்தில் பிறந்து, தொலைவிலுள்ள மற்றொரு பரம்பரையலகின் தூதினை அடக்கும் ஆர்.என்.ஏ. ஒன்று உண்டு என்பது ஐயமறத் தெளிந்தது. 1961இல் பாரிசில் வரையப்பட்ட இருவழிகளுள், எவராலும் நினைக்கப்படாது கிடந்த இரண்டாவது வழி இருபத்துமூன்று ஆண்டுகளின் பின் உயிர்பெற்றது எனலாம்.

அடுத்த பத்தாண்டுகளில் வேறு சில சிறு ஆர்.என்.ஏ.க்கள் தற்செயலாக வெளிப்பட்டன. சூசன் கொற்றஸ்மனின் ஆய்வுகூடத்திற் கண்டறியப்பட்ட டி.எஸ்.ஆர்.ஏ. என்பது அவற்றுள் ஒன்று. இது தூதினை அடக்குவதோடன்றி ஊக்கவும் வல்லது. நெருக்கடிக்கால ஆட்சிக்குரிய ஒரு புரதத்தின் தூது தன் முற்பகுதியைத் தானே மடித்து மூடிக்கொண்டிருக்கும். குளிர்ந்த சூழலில் இச்சிறு ஆர்.என்.ஏ. அம்மடிப்போடு சோடி சேர்ந்து அதனை விரித்துவிடும். 1997இல் ஷோஷி அல்துவியா, கிசேலா ஸ்ரோஸ் முதலானோர் ஒக்சி-எஸ் என்பதை வெளியிட்டனர். ஐதரசன் பேரொட்சைட்டு என்னும் நச்சுப்பொருள் தாக்கும்போது பெருகிப் பல பரம்பரையலகுகளின் தொழிலை மாற்றியமைப்பது அது. ஒரு சிறு மூலக்கூறு பல தூதுகளை ஒருங்கே ஆளும் என்பது இவற்றால் விளங்கிற்று.

2000ஆம் ஆண்டில் பழைய புதிர் ஒன்றும் அவிழ்ந்தது. 6எஸ் ஆர்.என்.ஏ. கண்டறியப்பட்டு முப்பத்துமூன்று ஆண்டுகளின் பின், கரன் வாசமனும் கிசேலா ஸ்ரோசும் அதன் தொழிலை வெளிப்படுத்தினர். டீ.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ.யைப் பிரதி செய்யும் நொதியத்தையே அது பற்றுகின்றது. உணவு அருகி வளர்ச்சி தளரும் காலத்தில் அது கலத்திலே பெருகி, வளர்ச்சிக்கால வேலைகளில் ஈடுபட்டுள்ள நொதியத்தைத் தடுத்து நிறுத்துகின்றது. வளமான ஊடகத்தில் இதன் குறை தோன்றாமைக்குக் காரணம் இதுவேயாம். புள்ளி 42 என்பதோ சருக்கரைகளின் பயன்பாட்டோடு தொடர்புடைய தூது ஒன்றை ஆள்வது 2002இல் அறியப்பட்டது.

2001ஆம் ஆண்டு இவ்வரலாற்றின் திருப்புமுனை. எசெரீக்கியா கோலியின் டீ.என்.ஏ. வரிசை முழுவதும் கையிலிருந்தமையால், வெற்றிடங்கள் எனத் தள்ளப்பட்ட இடைப்பகுதிகளை மூன்று குழுவினர் தனித்தனியே அலசினர். உறவுடைய பற்றீரியாக்களிலும் மாறாது காக்கப்பட்ட வரிசைகளையும், பிரதி தொடங்கும் முடியும் குறிகளையும் அவர்கள் கணனியாற் தேடிப் பின் ஆய்வுகூடத்திற் சோதித்தனர். அதுகாறும் பத்தையொட்டியதாயிருந்த சிறு ஆர்.என்.ஏ.க்களின் தொகை ஓராண்டினுள்ளே பன்மடங்காயிற்று; இன்று அப்பற்றீரியாவில் மாத்திரம் சுமார் நூறு அறியப்பட்டுள்ளன. இவற்றிற் பலவற்றிற்கு உறுதுணையாய் நின்று, தூதோடு சோடி சேர்த்துவைப்பது எச்.எப்.கியூ. என்னும் வளையவடிவான புரதம். அதுவும் புதியதன்று. ஒரு வைரசின் பெருக்கத்திற்குத் துணைசெய்யும் காரணியாக 1968இலேயே கண்டறியப்பட்டிருந்த அதன் உண்மைப் பணி விளங்கவும் முப்பதாண்டுகள் சென்றன.

சிறு ஆர்.என்.ஏ. ஆட்சியின் நுட்பத்தை அறிதற்கு இரும்பின் கதை மிகப் பொருத்தமானது. இரும்பு கலத்திற்கு இன்றியமையாதது. ஆனால் அளவுமிஞ்சின் நஞ்சு. வூர் என்னும் புரதம், இரும்பு நிறைந்திருக்கையில் அதனோடு சேர்ந்து, இரும்பை உள்ளே இழுக்கும் பரம்பரையலகுகளை அடக்குகின்றது. இஃது எளிதில் விளங்குவது. ஆயின், இரும்பைக் கொண்டு தொழில் செய்யும் சில நொதியங்கள், வூர் அற்ற கலத்தில் மிகுவதற்குப் பதிலாகக் குறைந்தன. அடக்குவதையே தொழிலாகவுடைய ஒரு புரதம் அவற்றை ஊக்குவது எவ்வாறு என்பது நெடுங்காலப் புதிர். 2002இல் எரிக் மாசே, சூசன் கொற்றஸ்மன் ஆகியோர் இதற்கு விடை கண்டனர். 2001இன் தேடலில் அகப்பட்ட, 90 நியூக்கிளியோரைட்டு நீளமான ஆர்.வை.எச்.பி. என்னும் சிறு ஆர்.என்.ஏ.யை வூர் அடக்கிவைக்கின்றது. இரும்பு அருகியதும் அவ்வடக்கு நீங்கும், சிறு ஆர்.என்.ஏ. பிறந்து, இரும்பைச் செலவிடும் புரதங்களின் தூதுகளைப் பற்றி அழிவுக்குள்ளாக்கும். எஞ்சிய சிறிதளவு இரும்பு உயிர்நிலையான பணிகளுக்கு ஒதுக்கப்படும். அடக்கியை அடக்குவது ஊக்குவதாகவே முடியும். பஞ்சகாலத்தில் இல்லறம் நடத்துவோர் முதலில் ஆடம்பரச் செலவை நிறுத்துதல் போன்றதே இதுவும்.

நோய்செய் பற்றீரியாக்களிலும் இவ்வாட்சி உண்டு. கொலராவை உண்டாக்கும் விபிரியோ பற்றீரியாவிலே, தம்மின எண்ணிக்கையை உணர்ந்து நடக்கும் முறைக்கு நான்கு சிறு ஆர்.என்.ஏ.க்கள் அடிப்படையாதலைப் பொனி பஸ்லரின் ஆய்வுகூடத்தினர் 2004இற் காட்டினர். கலங்கள் சிலவாயிருக்கையில் இச்சிறு ஆர்.என்.ஏ.க்கள் ஒரு புரதத்தின் தூதினை அழிக்கும்; அப்புரதம் இல்லாதபோது நோய்செய் ஆற்றல் மேலோங்கும். கலங்கள் பெருகியபின் நிலை தலைகீழாகும். நோயின் போக்கையே நிருணயிக்கும் அதிகாரம் இத்துணைச் சிறிய மூலக்கூறுகளிடம் இருத்தல் எண்ணத்தக்கது.

ஆளும் பணிக்கு ஆர்.என்.ஏ. தகுதியுடையதாதல் ஏன் என வினவின், காரணங்கள் தெளிவு. பிரதி செய்யப்பட்ட அளவிலேயே அது பணிக்கு ஆயத்தமாகின்றது. புரதமாக ஆக்கப்படும் காலமும் செலவும் மிச்சமாகின்றன. பற்றீரியத் தூதுகள் சில நிமிடங்களே வாழ்வன. எனினும், ஏற்கெனவே பிறந்துவிட்ட தூதினை உடனே நிறுத்துதற்குத் தூதினையே பற்றும் கருவி வேண்டும். மேலும், பல சிறு ஆர்.என்.ஏ.க்கள் தாம் பற்றிய தூதோடு தாமும் அழிகின்றன. ஆதலால், நெருக்கடி நீங்கியதும் அடக்குமுறையும் விரைந்து நீங்குகின்றது.

இக்கண்டுபிடிப்புகளின் பயன் பற்றீரியாவோடு நின்றுவிடவில்லை. நூற்புழு ஒன்றிலே தூதோடு சோடி சேர்ந்து அதனை அடக்கும் மிகச் சிறிய ஆர்.என்.ஏ.யை 1993இல் விக்ரர் அம்புரோஸ், கரி இருவ்குன் ஆகியோரின் ஆய்வுகூடங்கள் வெளியிட்டன. மிக்-எப்பு வெளிவந்து ஒன்பதாண்டுகளின் பின் நிகழ்ந்த அச்செயலுக்கு 2024இல் நோபல் பரிசு கிடைத்தது. 2011இல் எம்மானுவேல் சார்ப்பாந்தியேயும் உடனுழைத்தோரும் நோய்செய் பற்றீரியா ஒன்றின் சிறு ஆர்.என்.ஏ.க்களைத் தேடியபோது, வைரசுகளை எதிர்க்கும் கிறிஸ்பர் முறைக்கு வேண்டிய சிறு ஆர்.என்.ஏ. ஒன்று அகப்பட்டது. அதுவே 2012இல் ஜெனிபர் டௌட்னாவுடன் அவர் அமைத்த டீ.என்.ஏ. வெட்டும் கருவிக்கு வித்தாகி, 2020இன் நோபல் பரிசுக்கும் வழிகோலிற்று.

இவ்வரலாற்றினின்று பெறற்பாலதாகிய படிப்பினை யாது? ஜாக்கோப்பும் மோனோவும் தீர்க்கதரிசிகள் எனப் புகழ்தல் பொருந்தாது. இலற்றோசின் அடக்கியைப் பற்றி அவர்கள் கருதியது பிழையே. கில்பேட் முதலியோரைக் குறைகூறலும் பொருந்தாது. அவர்தம் சோதனை இன்றும் அசையாது நிற்கின்றது. பிழை அவ்விரண்டிற்கும் இடையில் நேர்ந்தது. ‘இவ்வடக்கி புரதம்’ என்ற உண்மை, ‘அடக்கி எல்லாம் புரதம்’ என்ற நம்பிக்கையாக வளர்ந்தபோது எவரும் அதனைத் தடுத்துக் கேட்டிலர். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது மெய்யுரையே. ஆனால் அது ஒரே உலையில், ஒரே நீரில், ஒரே தீயில் வெந்த சோற்றுக்கே பொருந்தும். இயற்கை ஒரே பானையன்று. களியிலே தோன்றிய ஒரு பட்டை முப்பத்துமூன்று ஆண்டுகள் தன்னைக் கேட்பாரின்றிக் கிடந்தமை, விடை கண்டபின்னும் வினாவை மூடிவிடலாகாது என்பதை ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒருங்கே உணர்த்துகின்றது.